அவுரி வூட்டுக் கைதி

"கோழியா, ஆடா? சீக்கிரம் சொல்லுப்பா, வண்டிச் சத்தம் கேக்குது" என்றார் போலீசுக் கப்பரால் இன்னாசிமுத்து.

ஆதிமூலம் இரண்டையும் மனசுக்குள் எடைபோட்டுப் பார்த்தான். திருடியவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, நடந்ததைச் சொல்லிவிடலாம். திருடாதவன் நன்றாக யோசித்துத்தான் பொறுக்க வேண்டும். சுண்ணாம்பு காயாத சுவரில் முதுகு ஒட்டிவிடாமல் அவன் அறையின் நடுவே குந்தியிருந்தான். கோழி என்று சொன்னால் யார் வீட்டுக் கோழி என்று கேட்பார்கள். போன பொங்கலுக்குப் பிறகு ஊரில் காணாமல்போன கோழிகள் அத்தனையும் சிறகடித்துக்கொண்டு அவன் தலையில் வந்து உட்காரும். ஆடு என்று சொன்னால் வாயால் கேட்க மாட்டார்கள், கையால் கேட்பார்கள்.

"தேங்கான்னு வெச்சிக்கலாமே, கப்பரால் அய்யா. எங்க மாமனார் தோப்புல தானா உழுந்த காயி."

"மாமனார் தோப்புத் தேங்காய்க்கா பிரான்சுலேருந்து இவ்ளோ பெரிய பூட்டு வாங்கியாந்து மாட்டியிருக்குது? பூட்டுக்கு ஏத்த மாதிரி சொல்லுய்யா."

பூட்டு பெரியதுதான். அதைப் பார்த்தபோது தான் இன்னும் கொஞ்சம் பெரிய குற்றமாகச் செய்திருக்கலாமோ என்று ஆதிமூலத்துக்கே தோன்றியது. இன்னாசிமுத்து சிவப்புக் குல்லாயைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்ப் பூட்டினார். "கோழியே இருக்கட்டும். ஒரே ஒரு கோழி. துரை போனதும் தொறந்து வுட்டுடறேன்" என்று கம்பி வழியாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். காவல் நிலையத்தின் முதல் கைதியோடு முதல் கப்பராலுக்கு ஒரு பிரியம் ஏற்பட்டிருந்தது.

புளியஞ்சாவடியில் அந்தக் கட்டடத்துக்கு அவுரி வூடு என்று பெயர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பாகூர் கொம்யூனின் தெற்கோரத்தில், இதற்குமேல் போனால் இங்கிலீஷ்காரன் சீமை என்கிற இடத்தில், யாரோ ஒரு வெள்ளைக்கார அவுரி வியாபாரி கட்டியது. சாய வியாபாரம் படுத்ததும் அவன் கப்பலேறிவிட்டான். பிறகு மூன்று தலைமுறையாக வௌவால்கள்தான் வாடகையில்லாமல் குடியிருந்தன. கொம்யூனுக்குத் தலைவரான மேர் சுப்பராயலு ஒருமுறை புதுச்சேரிக்குப் போய், அங்கே தீயணைக்கும் படைக்காரர்கள் பித்தளைத் தலைக்கவசத்தோடு அணிவகுத்து நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு செல்லவில்லை. ஊருக்குப் போலீசு வேண்டும், தீயணைக்கும் படை வேண்டும், இரண்டும் ஒரே கூரையின் கீழ் வேண்டும் என்று எழுதிப் போட்டார். புதுக் கட்டடத்துக்குப் பணம் கிடையாது, பழையது இருந்தால் பழுதுபார்த்துக்கொள் என்று பதில் வந்தது. உடனே அவுரி வூடு சரித்திரப் புகழ் பெற்றதாகிவிட்டது. பெரிய தளபதி ஒருவர் போருக்குப் போகும் வழியில் அங்கே தங்கினார் என்று மேர் சொல்ல ஆரம்பித்தார். எந்தத் தளபதி என்று கேட்டவர்களுக்கு, தங்கியது ஒரே இராத்திரிதான், பேர் தெரிந்துகொள்ளும் அளவுக்குப் பழகவில்லை என்று விளக்கம் சொன்னார்.

வேலை தடபுடலாக நடந்தது. வௌவால்களைத் துரத்தப் பறையடித்தார்கள். சுவருக்குப் பூச முட்டை கேட்டார் மேஸ்திரி. வெள்ளைக்கரு சுண்ணாம்புக்கும் மஞ்சள்கரு மேஸ்திரிக்கும் என்று ஏற்பாடு. வேலை முடிந்தபோது சுவர் மங்கலாகவும் மேஸ்திரி பளபளப்பாகவும் இருந்தார்கள். மேர் குடியரசுக் கட்சிக்காரர். வாசலில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று எழுதச் சொன்னார். சொன்ன கையோடு, வாசல் எந்தத் திசையில் இருக்கலாம் என்று மனையடி சாஸ்திரக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஈசானிய மூலையில் மேரின் நாற்காலி. தீயணைக்கும் படைக்கு எந்த மூலை என்பதில்தான் சிக்கல் வந்தது. நெருப்புச் சமாசாரம் என்பதால் அக்கினி மூலை என்றார் சாஸ்திரக்காரர். அக்கினி வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு அக்கினியை அணைப்பது எந்த ஊர் மரியாதை, தண்ணீருக்குரிய வருணன் திசைதான் சரி என்றார் கோயில் குருக்கள். நான்கு நாள் பேசினார்கள். தண்ணீர் அடிக்கும் வண்டி கப்பலிலிருந்து இன்னும் இறங்காததால், வந்திருந்த தலைக்கவசங்களை மட்டும் தற்காலிகமாக வடக்குக் கட்டின் அக்கினி மூலையில் அடுக்கி வைத்தார்கள்.

கைதி அறைக்குத் தகராறே வரவில்லை. எமன் திசை தெற்கு. ஆகவே முற்றத்துக்குத் தெற்கே இருந்த பழைய சாய அறை.

முற்றத்தின் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இருந்தது. அதன் மேல் சுண்ணாம்பு அடித்து, பக்கத்தில் கொடிமரம் நட்டார்கள். அது எல்லைக்கல் என்பதும், கல்லுக்கு வடக்கே பிரெஞ்சுக்காரனின் பரஞ்சு மண், தெற்கே இங்கிலீஷ் மண் என்பதும் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவுரி வியாபாரியே அதற்காகத்தான் அந்த இடத்தில் கட்டினானாம். பரஞ்சுக்காரன் வரி கேட்டு வந்தால் சரக்கு தெற்கறைக்குப் போய்விடும், இங்கிலீஷ்காரன் வந்தால் வடக்கறைக்கு. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை மேரிடம் போய்ச் சொல்வது அவரை அவமதிப்பதாகும் என்று நினைத்து யாரும் சொல்லவில்லை. மேருக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனால் பதவிக்கு வந்த பிறகு அவருக்குப் பல விஷயங்கள் மேலோட்டமாகத்தான் நினைவில் இருந்தன.

எல்லாம் தயாரான பிறகு மேருக்கு ஒரு குறை தட்டியது. திறந்துவைக்கப் புதுச்சேரியிலிருந்து பெரிய துரை வருகிறார், கைதி அறை காலியாக இருந்தால் கல்யாணத்தில் மாப்பிள்ளை இல்லாதது போல இருக்காதா? ஆள் தேடினார்கள். ஆதிமூலம் அகப்பட்டான்.

அகப்பட்டான் என்று சொல்வதும் சரியில்லை. அவனே போய் நின்றான். அவன் வாரத்துக்குப் பயிரிட்டிருந்த அரைக்காணி நெல் சூல் கட்டி நின்றது. வரப்பு வெடித்து, கால் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. மாசி வெயில். ஏரித் தண்ணீரில் அவனுக்கு அடுத்த முறை வருவதற்குள் சூல் பதராகிவிடும். மேரின் நிலம் அவன் நிலத்துக்குக் கீழ்மடை, திறப்பு விழா நாளில் சாயங்கால முறை மேருடையது. "எம் மொறைய ஒனக்கு வுடச் சொல்றேன்டா. காலைல வந்து குந்து, துரை போனதும் எழுந்து போ. இதுல இன்னா நஷ்டம் ஒனக்கு?" என்று மேர் கேட்டார். நஷ்டம் எதுவும் ஆதிமூலத்துக்குத் தெரியவில்லை. ஒரு வேளை குந்தியிருந்தால் ஒரு போகம் விளைகிறது என்றால் எவன்தான் மாட்டேன் என்பான்? ஒரே ஒரு நிபந்தனை. அது மேர் வைத்ததும் அல்ல, ஏரி வழக்கம். தண்ணீரைப் பங்குவிடும் நீர்க்கட்டி, வாய்க்கால் பிரிகிற இடத்தில் நின்று முறைக்காரன் பேரை மூன்று தடவை கூப்பிடுவான். முறைக்காரன் தன் மண்வெட்டியை வாய்க்காலில் ஊன்றி, அதன் பக்கத்தில் நின்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் பலகை திரும்பி, தண்ணீர் கீழ்மடைக்குப் போய்விடும்.

துரை வந்தார். வெடி போட்டார்கள். மேர் மூவர்ணப் பட்டையை மார்பின் குறுக்கே அணிந்து பரஞ்சில் பேசினார், பிறகு அதையே தமிழில் பேசினார். தமிழில் கேட்டபோதுதான் ஆதிமூலம் திடுக்கிட்டான். காலையில் ஒரு கோழியாக இருந்தது, பேச்சின் நடுவில் மாடாகியிருந்தது. முடியும்போது மந்தையாகிவிட்டது. "எல்லை தாண்டி மந்தை மந்தையாக மாடு ஓட்டிச் செல்லும் கொள்ளைக் கூட்டத்தின் தலைவன், இரு நாட்டுக் காவலருக்கும் சிம்ம சொப்பனமாக விளங்கியவன், இதோ!" என்று மேர் கையை நீட்டினார். ஆதிமூலம் திரும்பித் தன் பின்னால் பார்த்தான். பின்னால் ஈரச் சுவர்தான் இருந்தது. துரை கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். ஆதிமூலம் வழக்கப்படி கும்பிட்டான். கொள்ளைக்காரனுக்கு நல்ல பணிவு இருக்கிறதென்று துரை சொன்னதாகத் துபாஷி சொன்னார்.

அத்தோடு முடிந்திருந்தால் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள். மாலை போடுகிற இடத்தில்தான் வினை வந்தது. துரைக்கு மாலை, துபாஷிக்கு மாலை, குருக்களுக்கு, சாஸ்திரக்காரருக்கு, கடைசியில் அக்கினி மூலையில் அடுக்கியிருந்த தலைக்கவசங்களுக்கும் ஆளுக்கொரு மாலை. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர் மணியக்காரர் உலகநாதன், வெள்ளைச் சட்டையும் சரிகைத் துண்டுமாக முன்வரிசையில் கழுத்தைச் சற்று நீட்டிக் காத்திருந்தார். மாலை தீர்ந்துவிட்டது. தலையில்லாத கவசத்துக்குக் கிடைத்த மரியாதை தனக்கு இல்லை என்று தெரிந்ததும் மணியக்காரர் எழுந்தார். கைத்தடியால் முற்றத்துக் கல்லின் சுண்ணாம்பைச் சுரண்டினார். வடபுறம் ஒரு எழுத்து, தென்புறம் வேறொரு எழுத்து.

"மேர் அய்யா, பேச்சு பிரமாதம். ஆனா எங்க ஊரு மண்ணுல ஒருத்தன அடைச்சி வெச்சிருக்கிங்களே, யாரக் கேட்டு?"

துபாஷி இதைப் பரஞ்சில் சொன்னார். துரை குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். அது கல்லுக்குத் தெற்கே இருந்தது. ஒன்றும் நடவாததுபோல் அதைத் தூக்கி வடக்கே வைத்தார். அவரைப் பார்த்து மேர் தாவினார், குருக்கள் மடிசஞ்சிப் பையோடு தாவினார், சாஸ்திரக்காரர் திசை தெரியாமல் கிழக்கே தாவி ஒரு நாற்காலியைத் தள்ளினார். மேளக்காரன் மட்டும் தனியாக இங்கிலாந்தில் நின்றுகொண்டிருந்தான்.

பிறகு நடந்தது ஆதிமூலத்துக்குப் பாதிதான் விளங்கியது. அந்தப் பாதியும் ஏன் விளங்கியது என்று ஆயிற்று. பூட்டு பிரான்சினுடையது, ஆகவே மணியக்காரர் தொடக்கூடாது. மண் இங்கிலாந்தினுடையது, ஆகவே சிவப்புக் குல்லா அங்கே கால் வைக்கக்கூடாது. புதுச்சேரியும் கடலூரும் எழுதிப் பேசி ஒரு முடிவுக்கு வரும்வரை கதவை யாரும் திறக்க வேண்டாம் என்று துரை உத்தரவிட்டார்.

"அய்யா, பூட்டு அவுங்களது, மண்ணு இவுங்களது. நான் யாரோடதுங்க?" என்று ஆதிமூலம் கம்பிக்குள்ளிருந்து கேட்டான்.

துபாஷி அதை மொழிபெயர்க்கவில்லை. பந்தியில் இலை போட்டுவிட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு மணியக்காரர் அறைப்பக்கம் வந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. கேட்டது ஒரு மாலை. கிடைத்தது இரண்டு சர்க்கார்களின் சண்டை. நாளைக்குக் கடலூரிலிருந்து கேள்வி வந்தால் என்ன சொல்வது என்று வேர்த்தார். "நீங்களாவது தொறந்து வுடுங்க மணியக்காரரே, ஒங்க மண்ணுதானே" என்றான் ஆதிமூலம். "மந்தைக் கொள்ளைக்காரன எங்கையால வெளில வுட்டேன்னு வரணுமா? வேற வேலையில்ல எனக்கு" என்று அவர் துண்டை உதறிக்கொண்டு தன் சீமைக்குள் நடந்தார்.

மேர் சாப்பிட்டு வாய் துடைத்துக்கொண்டே வந்து, கல்லுக்கு வடக்கே நின்று பேசினார்.

"மேரய்யா, எல்லாம் சும்மா வெளாட்டுன்னு துரைகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்கய்யா."

"சும்மான்னு சொன்னா எம் மானம் இன்னாடா ஆவறது? நீ கவலப்படாத. ஒம் பேரு பாரீசு வரைக்கும் போவப்போவுது."

"பேரு போவட்டுங்க. தண்ணி?"

"தண்ணி எங்கடா போயிடும்? நீ இல்லன்னா என் நெலத்துக்குத்தானே எறங்கப்போவுது. வீணாவாது" என்று மேர் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

ஆதிமூலம் அந்த வாக்கியத்தை வெகுநேரம் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் யாருக்கு ஆறுதல் என்பது பிடிபடவில்லை. மேர் திட்டம் போட்டுத்தான் இப்படிச் செய்தாரா? எல்லைக்கல் அவருக்கு நிஜமாகவே மறந்துவிட்டதா? மாலை தீர்ந்ததும் தற்செயல்தானா? திட்டம் என்று நினைத்தால் மேருக்கு அவ்வளவு மூளை இருப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மனம் வரவில்லை. தற்செயல் என்று நினைத்தாலோ, தற்செயலெல்லாம் எப்போதும் கீழ்மடையைப் பார்த்தே ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை. வெயில் கம்பி வழியாக நுழைந்து, தரையில் விழுந்து, மெல்ல எதிர்ச்சுவருக்கு ஏறிக்கொண்டிருந்தது.

இன்னாசிமுத்து சாவியை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் வடக்கோரமாக உட்கார்ந்திருந்தார்.

"கப்பரால் அய்யா, குல்லாவக் கழட்டி வெச்சிட்டு வாங்களேன். சட்டையையும் கழட்டிடுங்க. சும்மா மனுசனா வாங்க."

"மனுசனா வந்து சர்க்கார் பூட்டத் தொறந்தா அதுக்குப் பேரு திருட்டுப்பா. அப்பறம் ஒம் பக்கத்துலயே எனக்கும் பாய் போடணும். நான் நெசமா திருடன், நீ பொய்யா திருடன், ரெண்டு பேரையும் எவன் பிரிச்சிப் பாப்பான்?" அவர் குரலில் எகத்தாளம் இல்லை. பெருமூச்சு விட்டார். "மாதாவே, வேலைல சேந்து மொத நாளு."

தோளில் மண்வெட்டியோடு ஆதிமூலத்தின் பெண்சாதி தனக்கொடி வந்தாள். அவள் எல்லைக்கல்லைப் பார்க்கக்கூட இல்லை, நேரே நடந்து கம்பியண்டை நின்றாள்.

"இன்னாயா, துரை போனதும் வந்துடுவேன்னியே. துரை வண்டி பாகூரே தாண்டியிருக்கும்."

"வுட மாட்டேங்கிறாங்கடி."

"மந்தை மந்தையா மாடு ஓட்டுனியாமே. ஊரே பேசிக்கிது. அதுல ஒரு கெழட்டு மாட்டயாவது நம்ப வூட்டுக்கு ஓட்டியாந்தியா?" என்றாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய கேலி அடங்கியது. மேல்வாய்க்காலில் நீர்க்கட்டி குழந்தைவேல் கிளம்பிவிட்டான் என்றும், மேர் வீட்டு ஆள் ஒருவன் மண்வெட்டியோடு இப்போதே வாய்க்கால் பிரிவில் போய்க் குந்திக்கொண்டிருக்கிறான் என்றும் சொன்னாள். "பயிரு தொங்கிப்போச்சியா. இன்னிக்கி தொண்ட நனையலன்னா நாளைக்கி மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியதுதான்."

பிறகு இன்னாசிமுத்துவைப் பார்த்துத் திரும்பினாள். "யோவ் கப்பராலு, நான் குல்லாயும் போடல, சர்க்காரும் இல்ல. எனக்கு எந்தப் பக்கமும் காலு போவும். சாவிய ஏங்கிட்ட குடு."

இன்னாசிமுத்து அவளைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், வாசலில் எழுதியிருந்த மூன்று வார்த்தைகளைப் பார்த்தார். சாவியை எல்லைக்கல்லின் தலையில் வைத்தார். "அந்தக் கவசத்துக்குப் போட்ட மாலையெல்லாம் வாடுது, தண்ணி தெளிச்சிட்டு வரேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அக்கினி மூலைக்குப் போனார்.

தனக்கொடி கல்லண்டை போய் நின்றாள். கை நீட்டவில்லை.

"தொறந்தா ஓடிப்போன கள்ளன் பொண்டாட்டி. தொறக்காட்டி உள்ள கெடக்கற கள்ளன் பொண்டாட்டி. இதுல எது மேலுன்னு சொல்லுயா, சட்டுனு."

ஆதிமூலம் கணக்குப் போட்டுப் பார்த்தான். உள்ளே இருந்தால் அவன் ஏதோ ஒரு நாட்டின் கைதி. வெளியே வந்தால் இரண்டு நாடும் தேடுகிற ஆள். இந்தப் பக்கம் ஓடினால் இந்தக் குல்லா, அந்தப் பக்கம் ஓடினால் அந்தத் தலைப்பாகை. நடுவில் அரைக்காணி. காலையில் கோழியா ஆடா என்று கேட்டபோதே ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாதவன் அவன். வாயைத் திறந்தான். வார்த்தை வருவதற்குள் மேற்கே வயலிலிருந்து குரல் வந்தது.

"ஆதிமூலம்ம்ம்..!"

தனக்கொடி சாவியை அப்படியே விட்டாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆதிமூலம் மேற்குச் சன்னலுக்குப் பாய்ந்தான். ஈரச் சுண்ணாம்பு மார்பிலும் கன்னத்திலும் அப்பியது. அந்த எல்லை நேராகப் போகிற எல்லை அல்ல. வயலுக்கு வயல் வளைந்து, ஒரு வீட்டின் திண்ணையை இங்கும் கிணற்றை அங்கும் வைத்துவிட்டுப் போகிற எல்லை. அறை இங்கிலீஷ் மண் என்றால், மேற்குச் சுவருக்கு வெளியே மறுபடியும் பரஞ்சு மண். வாய்க்கால் பிரிவு கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. குழந்தைவேல் பலகையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஆதிமூலம்ம்ம்..!"

"வந்துட்டேன்!" என்று ஆதிமூலம் அடித்தொண்டையிலிருந்து கத்தினான். "இருக்கறேண்ணே! இங்க இருக்கறேன்!"

குழந்தைவேல் நான்கு பக்கமும் பார்த்தான். தனக்கொடி வரப்பில் விழுந்தெழுந்து வந்து, காய்ந்த வாய்க்காலுக்குள் குதித்து மண்வெட்டியை ஊன்றினாள். மேர் வீட்டு ஆளும் எழுந்து தன் மண்வெட்டியைப் பக்கத்தில் ஊன்றினான். இருவரும் ஏதோ கத்திக்கொண்டார்கள், இவ்வளவு தூரத்துக்கு வாயசைவுதான் வந்தது. குழந்தைவேல் தனக்கொடியின் மண்வெட்டியைப் பார்த்தான். குரல் வந்த சன்னலைப் பார்த்தான். மண்வெட்டி ஓரிடத்திலும் குரல் ஓரிடத்திலும் வந்த முறையை அவன் அப்பன் காலத்திலும் பார்த்திருக்க மாட்டான். மூன்றாவது தடவை கூப்பிட வாயைத் திறந்தவன் கூப்பிடாமல் நின்றான்.

ஆதிமூலம் துண்டை உருவிக் கம்பிக்கு வெளியே தோள்வரை கையை நீட்டி ஆட்டினான். சுண்ணாம்பு பூசிய அந்தக் கை மட்டும் பரஞ்சு வெளிச்சத்தில் வெள்ளை வெளேரென்று போய்வந்தது.

தண்ணீர் வந்துவிட்டது. சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, முன்னால் ஓடும் பூச்சிகளைக் கொத்தும் கொக்குகளோடு வந்து, பிரிவில் பலகையில் முட்டி நின்றது. நின்று மெல்ல உயர்ந்தது. ஒரு வைக்கோல் துரும்பு இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, பலகையோரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. குழந்தைவேலின் கை இன்னும் பலகை மேல் இருந்தது.